தண்ணீரில் கண்டம்

கண்டங்கள் ஏழு என்று சொல்லிக் கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம். சில நாடுகளில் ஆறு என்கிறார்கள், சில இடங்களில் ஐந்தாம். ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவில் கடலே கிடையாது. ஒரு மலையைக் காட்டி, இது வேறு அது வேறு என்று எழுதிவிட்டார்கள். பெரிய இடத்துப் பாகப்பிரிவினை, யார் போய்க் கேட்பது?

அம்மாவும் அப்பாவும் போனபின் தீவில் இருக்கும் எங்கள் தோட்டவெளி வீட்டில் நானும் தங்கச்சியும்தான். அவளுக்குப் பாலம் தாண்டி முருங்கனில் வயல் செய்கிற ஒருவரைப் பிடித்துப்போனது. இது தட்டிப்போனால் இனிக் கலியாணமே வேண்டாம் என்றாள். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவரவேண்டும். அங்கேதான் இடித்தது. மகனுக்குச் சாதகத்தில் தண்ணீரில் கண்டம், தீவுக்கு அனுப்பமாட்டேன் என்று தாய் ஒற்றைக் காலில் நின்றார்.

விடுவேனா? தேசப்படப் புத்தகத்தோடு அந்தத் தாயைப் பார்க்க பஸ் ஏறினேன். பாலத்தில் றோட்டும் றெயிலும் ஓடுகிற இடத்தைத் தீவென்று சொல்வதே பிழை என்று தொடங்கினேன். அவர் தேத்தண்ணி தந்தார். இலங்கையே தீவுதான், ஆகவே முருங்கனும் தண்ணீருக்கு நடுவில்தான் என்றேன். பலகாரம் தந்தார். அவுஸ்திரேலியாவைக் காட்டி, சுற்றிவரக் கடல், ஆனாலும் இதைக் கண்டம் என்கிறோம் என்றேன். அங்கே தன் தம்பி குடும்பம் இருக்கிறது, அவர்களுக்கும் கண்டமோ என்று மிகவும் பயந்தவர்போலக் கேட்டார். நான் முட்டாள்தனமாக, கவலைப்படாதேயுங்கோ, உலகத்தில் எல்லாரும் ஏதோ ஒரு கண்டத்தில்தான் இருக்கிறார்கள் என்று ஆறுதல் சொன்னேன்.

அவர் சிரித்துக்கொண்டே புத்தகத்தை மூடினார்.

"ரீச்சர், அந்த ஏழு கண்டமும் நானும் படிச்சனான். சாதகத்திலை அப்பிடி ஒண்டும் இல்லை. இவன்ரை அப்பா செத்தாப் பிறகு எனக்கெண்டு இருக்கிறது இவன் ஒருத்தன். அவனும் பாலத்துக்கு அங்காலை போனால் நான் ஆரோடை கதைக்கிறது?"

அதற்கு என் புத்தகத்தில் பக்கம் இல்லை. வீட்டுக்கு வந்து தங்கச்சியிடம் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை.

"அப்ப நான் அங்கை போறன் அக்கா."

சொந்தக்காரர்கள் வழக்கம் கெட்டதென்று முணுமுணுத்தார்கள். கலியாணச் சாப்பாட்டோடு அதுவும் அடங்கியது. தங்கச்சி முருங்கனில் சந்தோஷமாக இருக்கிறாள், மாமியாரும் அவளும் நாள் முழுக்கக் கதைக்கிறார்களாம். எனக்கு அது சந்தோஷம்தான், கொஞ்சம் எரிச்சலும்தான்.

முருங்கன் கிட்டத்தானே ரீச்சர், நினைத்தவுடன் போய்வரலாமே என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. நடுவில் கடல் இருக்கிறது என்கிறேன்.