நான்கு டப்பாவும் ஒரு கைராசியும்

சுந்தரேஸ்வரிக்குக் கோபம் வந்தால் வாயைத் திறக்கமாட்டாள். பூவாளியைத் தூக்கிக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விடுவாள். அந்த ஆவணி மாதம் அவளுடைய தக்காளி நாற்றுகள் ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்தன. அப்படியும் அவை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் நின்றன.

பிறந்தது பசுவந்தனை. மானாவாரி கரிசல் காட்டுக்காரக் குடும்பம். ஒன்பது வயதில் பெரியம்மா வீட்டுப் புறவாசலில் விளையாட்டாக நாலு கத்தரி விதையை ஊன்றப்போக, அது தெருவுக்கே காய் கொடுத்தது. அன்றைக்குப் பிடித்தது அந்தப் பேர்: சுந்தரேஸ்வரிக்குக் கைராசி உண்டு. கோவில்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்தபோது சீர் சாமான்களோடு அந்தப் பேரும் வந்து இறங்கியது. வந்த சில வருஷத்தில் சாலையோரம் ஒரு வேப்பமரத்தடியில் நாற்றுக்கடை போட்டாள். மிளகாய், கத்தரி, தக்காளி எல்லாம் தட்டுத் தட்டாக நிற்கும். சுற்று வட்டாரத்துக்காரர்கள் பஸ் ஏறி வந்து வாங்கிப் போனார்கள்.

நாற்று விற்பதுகூட அவளுக்குப் பெரிதில்லை. புரட்டாசியில் விதைப்புக்கு முன்னால் நாகலாபுரத்துச் சுடலைமாடன் பாசிப்பயறு மூட்டையோடு வந்து நிற்பார். அவள் அதில் ஒரு கை அள்ளி அவர் துண்டில் போடவேண்டும். அந்த ஒரு கை விதைதான் அவர் காட்டின் ஈசான மூலையில் முதலில் விழும். அவரைப் பார்த்துப் பத்து பேர், பத்தைப் பார்த்து முப்பது பேர் என்று புரட்டாசி முழுக்க அவள் கடையில் விதை மூட்டைகளாகத்தான் இருக்கும். அந்த மாதம் அவள் நடையே வேறு. கொஞ்சம் கர்வமும் உண்டு. இல்லை என்று சொன்னால் அவளே ஒத்துக்கொள்ளமாட்டாள்.

அந்த வருஷம் ஆடியில் சாலையை அகலமாக்கினார்கள். வேப்பமரம் போயிற்று, கடையும் போயிற்று. பழக்கடை மாடக்கண்ணு தம் வாழைப்பழக் குடோனுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தைச் சும்மா வைத்துக்கொள்ளச் சொன்னார். அறுபது வயது, பெரிய சரீரம், பூனைக்குட்டி மனசு. சுந்தரேஸ்வரி அங்கே பச்சை வலை கட்டினாள். நல்ல வெயிலிலும் குடோன் சுவரில் உள்காற்றை வெளியே தள்ளும் ஒரு காற்றாடி வழியே சில்லென்று காற்று வந்தது. பழம் பழுக்கவைக்கும் குளிர்ந்த அறைக் காற்று. கோவில்பட்டி வெயிலில் இப்படியொரு காற்று யாருக்குக் கிடைக்கும்? பார்த்துப் பார்த்து வளர்த்த தட்டுகளை எல்லாம் அந்தக் காற்றாடிக்கு நேராக அடுக்கினாள்.

பத்தே நாளில் தக்காளி இலைகள் மடக்கிய குடை மாதிரி கீழே வளைந்தன. மிளகாய் மஞ்சளாகி இலை உதிர்ந்தது. வாங்கிப் போனவர்கள் திரும்பக் கொண்டுவந்தார்கள். உரக்கடையில் கொடுத்த மருந்தை அடித்தாள். வேப்பெண்ணெய் கரைத்துத் தெளித்தாள். தீப்பெட்டி பண்டல் ஏற்றும் லோடு வேன் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர் இசக்கிபாண்டி, ஒரு பூசணிக்காயைச் சுற்றி முச்சந்தியில் உடைத்தார். உடைத்துவிட்டு வந்து, "ஏட்டி, கண்ணேறு போயிட்டு. இனி பாரு" என்றார். மறுநாள் கத்தரியும் தலையைத் தொங்கப்போட்டது.

பேச்சு கிளம்ப எவ்வளவு நேரம் ஆகும்? டீக்கடையில் ஒருத்தர், "சுந்தரேஸ்வரிக்குக் கைராசி விட்டுப்போச்சாம்" என்றார். அது அவள் காதுக்கு வந்தது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். ஆனால் ஆவணிக் கடைசியில் எதிர்ச்சாரி உரக்கடைக்கு வந்த சுடலைமாடன், இந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்க்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு அவள் தண்ணீர் தெளிக்கக்கூடப் போகவில்லை. சாக்குமேல் உட்கார்ந்து அழுதாள். புரட்டாசிக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. அவர் வரவில்லை என்றால் ஒருத்தரும் வரப்போவதில்லை.

அழுது முடித்து மூக்கைத் துடைக்கும்போதுதான் அதைப் பார்த்தாள். வாசல் குழாயடியில், மறந்து விட்டுவைத்த ஒரு தக்காளித் தட்டு. வெயிலில் கிடந்தது, ஒருத்தரும் கவனிக்காதது, கோழி வேறு கிளறியிருந்தது. அது மட்டும் ஜம்மென்று நிமிர்ந்து நின்றது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீராட்டி வளர்த்ததெல்லாம் சாகக் கிடக்கிறது, அநாதையாகக் கிடந்தது சிரிக்கிறதா?

அங்கே இல்லாதது இங்கே என்ன இருக்கிறது என்று எழுந்து போய்க் காற்றாடிக்கு நேரே நின்றாள். சில்லென்ற காற்றில் வாழைப்பழ வாசம் குப்பென்று அடித்தது. வீட்டில் மாங்காயைச் சீக்கிரம் பழுக்கவைக்க, அரிசிப் பானைக்குள் கூடவே இரண்டு வாழைப்பழத்தைப் போட்டு மூடுவது அவள் வழக்கம். பழத்திலிருந்து ஏதோ ஒன்று கிளம்பிக் காயைப் பிடிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். காயைப் பழுக்கவைக்கிற காற்று இலையையும் பழுக்கவைக்குமோ?

நேரே மாடக்கண்ணுவிடம் போனாள்.

"அண்ணாச்சி, உள்ள என்னத்தைப் போட்டுப் பழுக்க வைக்கீங்க?"

"கார்பைடு கல்லு எல்லாம் கிடையாது தாயி. எத்திலீன்னு ஒரு காஸ். பழம் தானா விடுத காத்துதான் அது. நாம கொஞ்சம் கூடக் குடுக்கோம், அவ்வளவுதான். தின்னுதவங்களுக்கு ஒண்ணும் செய்யாது. எதுக்குக் கேக்க?"

"அது என் நாத்தைச் சாகடிக்குதோன்னு இருக்கு."

மாடக்கண்ணு முகம் வாடிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அது காத்து இல்ல தாயி. நான்தான். நீ சாப்பிடப் போன நேரம் தட்டுகளை நான் நகத்தி நகத்தி வச்சேன், காத்து நல்லாப் படட்டும்னு. என் கை ஆகாது. நான் தொட்டா எதுவும் விளங்காது. எங்க அப்பாவே என்னைக் காட்டுல விதைக்க விடமாட்டாவ. அதான் பழ யாவாரத்துக்கு வந்தேன். உன்கிட்ட முன்னாலயே சொல்லியிருக்கணும்."

அவர் கண்ணைப் பார்த்ததும் சுந்தரேஸ்வரிக்குத் தன் துக்கம் கொஞ்சம் மறந்துபோயிற்று. ஊரில் ஒருத்தர் கை ராசி, இன்னொருத்தர் கை ஆகாது. இப்போது இரண்டு கையும் ஒரே குற்றத்துக்கு நிற்கிறது. "அழாதீங்க அண்ணாச்சி, பாத்திருவோம்" என்றாள்.

கடலைமிட்டாய் கடையில் இரண்டு பெரிய கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டப்பா வாங்கிவந்தாள். இரண்டிலும் ஒவ்வொரு பேப்பர் கப்பில் தக்காளி நாற்று. ஒன்றில் மட்டும் மூன்று வாழைப்பழம். மூடியை இறுக்கி வெயிலில் வைத்தாள். சாயங்காலம் பார்த்தால் இரண்டு நாற்றும் அவித்த கீரையாகக் கிடந்தன. இசக்கிபாண்டி, "பருப்பு மட்டும் போட்டிருந்தா கூட்டே வச்சிருக்கலாம்" என்றார். அன்றைக்கு இசக்கிபாண்டிக்கு ராத்திரிச் சோறு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

சோறு போடும்போது அவரே யோசித்துச் சொன்னார். "ஏட்டி, நிழல்ல வச்சாலும் ரெண்டுலயும் நட்டது உன் கைதானே? அதை வச்சு அண்ணாச்சி கையை எப்படித் தெரிஞ்சுக்குவ?"

சில நேரம் அந்த மனுஷன் உருப்படியாகவும் பேசுவார். மறுநாள் டப்பா நாலாயிற்று. இரண்டில் சுந்தரேஸ்வரி நட்டாள். இரண்டில் மாடக்கண்ணு நட்டார். ஒரே மண், ஒரே தட்டிலிருந்து எடுத்த ஒரே வயசு நாற்று. ஆளுக்கு ஒரு டப்பாவில் பழம், ஒரு டப்பா வெறுமனே. மாடக்கண்ணு நட்டபோது மூச்சைப் பிடித்துக்கொண்டே நட்டார். தம் மூச்சுக்கூட ஆகாதோ என்று பயம். டப்பாக்களில் 'சு', 'மா' என்று எழுதி ஒட்டி, காற்றாடி எட்டாத வாசல் நிழலில் வரிசையாக வைத்தாள். தினம் காலையில் எல்லா மூடியையும் ஒரு நிமிஷம் திறந்து, எல்லாவற்றுக்கும் ஒரு கரண்டி தண்ணீர். டீக்கடைக் கூட்டம் முழுக்கக் கிளாஸோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தது. தேர்தல் முடிவுக்குக்கூட அப்படிக் காத்திருக்கமாட்டார்கள்.

இரண்டாம் நாள் காலை, பழம் வைத்த 'சு' டப்பாவில் இலைக்காம்பு கீழே வளைந்துவிட்டது. பழம் வைத்த 'மா'வும் அப்படியே. பழம் இல்லாத இரண்டும் நிமிர்ந்து நின்றன. நாலாம் நாள் பழ டப்பா இரண்டிலும் அடியிலை மஞ்சளாகிவிட்டது. மற்ற இரண்டிலும் புது இலை விட்டிருந்தது. சுந்தரேஸ்வரி ஒரு தீக்குச்சியை வைத்து அளந்தாள். மறுபடியும் அளந்தாள். மாடக்கண்ணு நட்டது அவள் நட்டதைவிடக் குச்சியின் மருந்துத் தலை அளவு உயரமாக இருந்தது.

"காத்துதான் அண்ணாச்சி! நம்ம ரெண்டு பேர் கையும் இல்ல!"

மாடக்கண்ணு தம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு டீக்கடை, உரக்கடை, சைக்கிள் கடை என்று காட்டப் போய்விட்டார். பேரன் பிறந்ததற்குக்கூட அவர் இப்படி அலைந்ததில்லை. திரும்பி வந்த கையோடு ஆள் வைத்து, காற்றாடியில் குழாய் மாட்டிக் கூரைக்கு மேலே கொண்டுபோய் விட்டார். ஒரு வாரத்தில் புது நாற்றுகள் கல்லு மாதிரி நின்றன.

எல்லாரும் சிரித்தார்கள். சுந்தரேஸ்வரியும் சிரித்தாள். குழாயடியில் மண் கையைக் கழுவும்போதுதான் சுருக்கென்றது. கெடுத்தது காற்று என்றால், வளர்த்தது எது? ஆகாத கை நட்டதும் வளர்ந்தது, ராசிக் கை நட்டதும் வளர்ந்தது. அப்படியென்றால் ஒன்பது வயதிலிருந்து தூக்கிச் சுமந்த பேர் என்ன ஆவது? கையை மறுபடியும் மறுபடியும் கழுவினாள். அது எப்போதும் போல ஒரு கையாகத்தான் இருந்தது. வருத்தமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

புரட்டாசி மூன்றாம் வாரம் சுடலைமாடன் வந்தார். பாசிப்பயறு மூட்டையை இறக்கிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நீ காத்தைப் பிடிச்சு டப்பாவுல அடைச்சு வச்சேன்னு நாகலாபுரம் வரைக்கும் பேச்சா இருக்கு. அன்னைக்கு நான் திரும்பிப் பாக்காமப் போயிட்டேன். மனசுல வச்சுக்கிடாத தாயி. அள்ளிப் போடு."

அவள் வாயை மூடிக்கொண்டு ஒரு கை அள்ளியிருந்தால் போதும். போன பேர் முழுசாகத் திரும்பியிருக்கும். கை மூட்டைக்குள் பாதி போயும்விட்டது. அப்போது வாசலில் வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்த மாடக்கண்ணு, விதை மூட்டையைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் நாலு அடி தள்ளிப் போய் நின்றார். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கை ஓடவில்லை.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன். டப்பாவுல மாடக்கண்ணு அண்ணாச்சி நட்டது என்னோடதைவிட உசரம். என் கையில தனியா ஒண்ணும் கிடையாது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. உன் கையில வாங்குனாத்தான் எனக்கு மனசு நிக்கும்."

"என் பேச்சுல மனசு நிக்குமா?"

"நிக்கும். அதுக்கென்ன?"

"அப்ப முதக் கை அவிய அள்ளட்டும்."

சுடலைமாடன் முகம் சுருங்கிவிட்டது. வருஷத்துக்கு ஒரு மழையை நம்பிச் செய்கிற வெள்ளாமை. மாடக்கண்ணு பதறிப்போய், "விளையாடாத தாயி, வேண்டாம்!" என்றார். சுந்தரேஸ்வரி கையை வெளியே எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். சுடலைமாடன் வானத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாக மூட்டை வாயை மாடக்கண்ணு பக்கம் திருப்பினார்.

மாடக்கண்ணு குழாயடிக்குப் போய்க் கை கழுவி, வேட்டியில் துடைத்து, மறுபடியும் போய்க் கழுவிவிட்டு வந்தார். கோயிலில் விபூதி எடுக்கிற மாதிரி மூன்று விரலால் தொட்டார்.

"முழுக்கையா அள்ளுங்க அண்ணாச்சி, பாசிப்பயறுதான், கடிக்காது" என்றாள் சுந்தரேஸ்வரி.

அள்ளினார். துண்டில் போடும்போது நாலு பயறு தரையில் சிந்தியது. அதையும் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார். கண்ணைத் துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை.

அடுத்த கையைச் சுந்தரேஸ்வரி அள்ளினாள். முப்பது வருஷத்தில் அவள் இரண்டாவதாக அள்ளியது அன்றைக்குத்தான்.