நொச்சி வேது

இன்று ஐப்பசி ஒன்பது, வியாழன், காலை ஆறு நாற்பது, விடாத தூறல். என் சளிக்காக மருமகள் பானையில் நொச்சி போட்டாள். அந்த வாசனை என்னை 1927க்கு இழுத்துப் போனது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

ஒன்பது வயதுத் தங்கைக்குக் காய்ச்சல். கனலடுப்பில் கொதித்த நொச்சிப் பானைமேல் அவளைக் குனியவைத்துக் கம்பளியால் மூடிய அம்மா, "நூறு எண்ணிட்டு விடுலே" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். முந்தின நாள்தான் தங்கை என் கணக்கில் இருந்த தவறை அப்பாவிடம் காட்டிக்கொடுத்திருந்தாள். கம்பளியின் ஓரங்களை முட்டியால் அழுத்திக்கொண்டேன்.

"அண்ணா, பொள்ளுது, விடு!"

"அறுபதுதாம்ட்டி ஆச்சு. கணக்குல நீ பெரிய ஆளுல்லா, நீயே எண்ணு."

நான் நானூறு வரை எண்ணினேன்.

பின்னாளில் கல்லூரியில் படித்தேன். நொச்சி பசுமை மாறாத புதர். அதன் ஐவிரல் இலையின் அடியில் நரைத்த ரோமமும், அதனிடையே நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகளும் உண்டு. சினியோல் போன்ற வாசனைப் பொருள்கள் பெரும்பாலும் முதல் ஆவியிலேயே கிளம்பிவிடும். அப்படியானால் மருந்து முதல் நூறிலேயே தீர்ந்திருந்தது. மீதி முந்நூறும் வெறும் கொதிநீராவி.

அவள் இடக் கன்னம் வெந்து சுருங்கியது. பத்து ஆண்டு கழித்துப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தகப்பனார், "ஒரு பக்கம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. மறுபக்கத்துக்குத் தனியா பணம் தரணும்" என்றார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ வேக வச்சது, நீயே குடு."

வாத்தியார் சம்பளத்தில் இருபத்தைந்து மாதம் கொடுத்தேன். மொத்தம் இருநூற்றைம்பது ரூபாய்.