இசக்கிமுத்து வந்திருக்கிறான்

மாலை 4.40. மும்பையில் தாதரிலிருந்து சயானுக்கு லோக்கல் டிக்கெட் ஐந்து ரூபாய். பாளையங்கோட்டையில் தெரிந்தவர்களிடமெல்லாம் கெஞ்சிச் சேர்த்த நாற்பது சிறுவர் கதைப் புத்தகங்களோடு பெட்டியில் ஏறியதே சாதனை. ஆறு நிமிடப் பயணத்தில் இரண்டு பேர் என் காலை மிதித்தார்கள். மூன்றாமவர் என் மூட்டையில் சாய்ந்து தூங்கியே விட்டார்.

சயானில் இறங்கி, தாராவியின் தொண்ணூறடிச் சாலைக்கு இருபது நிமிட நடை. புத்தகம் கேட்டு எனக்கு எழுதியிருந்த பேச்சியம்மாள் சாலை முனையில் நின்றிருந்தார். பகலில் தையல் வேலை, மாலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு.

"வாங்கண்ணே. வெரசா நடங்க, இன்னைக்கு செக்கிங்," என்றார்.

தோள் உரசும் சந்து. கீழே தோல் பை தைக்கும் கார்கானா, அதற்கு மேல் வகுப்பறை. செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறும்போது, மேலே ஏகப்பட்ட பிள்ளைகள் பாடம் வாசிப்பது கேட்டது. தலையை நீட்டிப் பார்த்தால் எட்டே பேர். பாயில் மட்டும் இருபது நோட்டுகள் வரிசையாக விரிந்து கிடந்தன.

"மிச்சப் பிள்ளைய எல்லாம் முலுண்ட், விரார்னு தூரமா குடி போயிட்டாவண்ணே. பேர மட்டும் நாங்க விடல," என்றார் பேச்சியம்மாள்.

அறை கட்டடச் சங்கத்துடையது. இருபது பிள்ளைகள் வந்தால்தான் வகுப்பு. ஒன்று குறைந்தாலும் கார்கானாவுக்குத் தோல் அடுக்கக் கொடுத்துவிடுவார்கள். சங்கச் செயலாளருக்கு முழங்கால் வலி, ஏணி ஏற மாட்டார். மாதம் ஒருமுறை கீழே நின்று குரல்களை எண்ணிவிட்டுப் போவார். போன பிள்ளைகளின் பெயர்களை இருக்கிற பிள்ளைகள் பிரித்து வைத்திருந்தார்கள். பெயர் கூப்பிடும்போது பதில் சொல்வதோடு, போனவர்களின் நோட்டிலும் பாடம் எழுத வேண்டும். ஒருவர் பெயரை இன்னொருவர் தொடுவதில்லை.

5.45. கீழே செருமல் சத்தம். பேச்சியம்மாள் பெயர் வாசிக்கத் தொடங்கினார். ஒன்பது வயது கோமதி தன் குரலில் "உள்ளேன் டீச்சர்" என்றாள். அடுத்து கலைவாணியாக மூக்கால் சொன்னாள். மாரியப்பனாகக் கரகரவென்று சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. குரலுக்குக் குரல் அவள் முகம் மாறியது. அந்த முகங்கள் அவளுடையவை அல்ல.

"கலைவாணியை உனக்குத் தெரியுமா?" என்று அவள் காதில் கேட்டேன்.

"நை, தெரியாது அங்கிள். நான் சேருததுக்கு முந்தியே போயிட்டா. அவ அப்டித்தான் பேசுவாளாம்."

"இசக்கிமுத்து," என்றார் பேச்சியம்மாள்.

பதில் இல்லை. அந்தப் பெயரை வைத்திருந்த செல்வத்துக்கு அன்று காய்ச்சல். பேச்சியம்மாள் மறுபடி கூப்பிட்டார். கீழே செயலாளர் காத்திருந்தார். எட்டுப் பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"உள்ளேன் டீச்சர்," என்றது ஒரு சின்னக் குரல். என் வாயிலிருந்துதான் வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு அப்படியொரு குரல் இருப்பது எனக்கே தெரியாது.

கீழே மறுபடி ஒரு செருமல். பிறகு, "இசக்கிக்குச் சளி பிடிச்சிருக்கு போலுக்கே. சுக்குத் தண்ணி குடும்மா," என்றார் செயலாளர். செருப்புச் சத்தம் சந்தில் தேய்ந்து மறைந்தது.

கோமதி ஒரு நோட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். "செல்வமும் அடுத்த வாரம் விரார் போறான். அவன் பேர நான் எடுத்தாச்சு. இசக்கிக்கு இனி நீங்கதான் அங்கிள்."

"நான் நாளைக்கு ஊருக்குப் போயிருவேனேம்மா?"

"சலேகா, பரவால்ல. எழுதி போட்டோ அனுப்புங்க. அவன் பாடத்துல பின்தங்கிரக் கூடாதுல்லா?"

"மாசக் கடைசில போன் போடுதேன்," என்றார் பேச்சியம்மாள். "எடுத்து 'உள்ளேன்' சொல்லிருங்கண்ணே. இல்லன்னா இந்த ரூமு போயிரும்."

மறுநாள் மதியம் 1.20. சென்னை ரயில் முலுண்டில் நிற்காமல் போனது. வெளியே அடுக்குமாடிகள். அவற்றில் எங்கேயோ இசக்கிமுத்து தமிழை மறந்து மீசை வளர்த்திருப்பான். நோட்டைப் பிரித்தேன். ஆறு பக்கம் உருண்டை எழுத்து, அப்புறம் சாய்ந்த எழுத்து, அப்புறம் கொட்டை எழுத்து, கடைசியில் செல்வத்தின் கோழிக் கிறுக்கல். பக்கத்துக்குப் பக்கம் மேலே ஒரே வரி: பெயர் இசக்கிமுத்து, வயது 9.

பெங்களூரில் இருக்கும் என் பேத்திக்கும் ஒன்பது வயதுதான். என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவாள். அவளுக்காக நான் இதுவரை ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. வெட்கமாக இருந்தது.

பேனாவை எடுத்து அடுத்த பக்கத்தில் பெயரையும் வயதையும் எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தேன். அது என் கையெழுத்து இல்லை; முதல் பக்கத்து உருண்டை எழுத்து.