பெரட்டில் ஒரு பெயர்

கணினிப் பட்டம் வாங்கிக்கொண்டு, கோலாலம்பூரிலிருந்து தள்ளி அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கம் இருந்த எங்கள் செம்பனைத் தோட்டத்துக்குத் திரும்பிய வாரம், பக்கத்து வீட்டு அத்தை தன் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கம்பியூட்டரே படிச்சிருக்க, இத கொஞ்சம் பாத்துக் குடுலா" என்றார். ரேடியோவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். பிறகு அங்கே என்னதான் சொல்லிக்கொடுத்தார்கள் என்று என் அம்மாவிடம் விசாரித்துவிட்டுப் போனார். எனக்குக் கோபமான கோபம். சில மாதம் கழித்து அதே கேள்வியை நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நாட்டில் வேலைக்குப் பஞ்சம். கோலாலம்பூரில் நேர்முகத்துக்குப் போன இடத்திலெல்லாம் அனுபவம் கேட்டார்கள். வேலையே கொடுக்காவிட்டால் அனுபவம் என்ன மரத்திலா காய்க்கும்? ரவாங்கில் ஒரு ஃபேக்டரி ஆபீஸில் டைப் அடிக்கக் கூப்பிட்டார்கள். அதற்கா படித்தேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ப்ரோகிராமர் வேலைதான் வேண்டும் என்று இலவு காத்த கிளியாக உட்கார்ந்திருந்தேன்.

எனக்காக வீடு காத்திருக்காது. அப்பா மண்டோர், தோட்டத்து வேலைக்காரர்களை மேற்பார்க்கும் கங்காணி. அந்த ஆண்டுக் கடைசியில் அவருக்கு ஓய்வு. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் அதில் குடியிருக்கலாம். அம்மா முட்டிவலியால் முன்பே வேலையை விட்டிருந்தார். நான் ஒரே பிள்ளை.

அப்பா என்னை ஒரு வார்த்தைகூட வற்புறுத்தவில்லை. "ஒன் இஷ்டம்லா" என்பார், தட்டைப் பார்த்தபடி. அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

தோட்டத்து ஆபீஸில் சின்னக் கிராணி வேலை காலியானபோது, கணக்கு எழுதும் வேலைதானே என்று தோட்டத்தை நடத்தும் துரையைப் போய்ப் பார்த்தேன். அவர் என் சான்றிதழைப் புரட்டிவிட்டு, நல்ல வேலை வந்ததும் நீ ஓடிவிடுவாய் என்று சிரித்தார். அந்த இடத்துக்குப் பள்ளிப் படிப்பு முடித்த வேறொருவரை எடுத்தார்கள். பட்டணத்துக்கு என் படிப்பு போதவில்லை, தோட்டத்துக்கு அது கூடிப்போனது.

வீட்டுக்கு வந்து, "நான் உதிரிப் பழம் பொறுக்கப் போறேம்மா" என்றேன். குலை வெட்டும்போது மரத்தடியில் சிதறும் செம்பனைப் பழங்களைப் பொறுக்கும் கூலி வேலை அது.

"படிச்ச புள்ள உதிரி பொறுக்குனா ஒங்கப்பா லயத்துல தல நிமிந்து நடக்க முடியுமா? நீ சும்மா இரு. நான் போறேன்" என்றார் அம்மா.

அழுதேன். சண்டை போட்டேன். அம்மா முன்பு வேலைக்குப் போட்டுப்போன பழைய காலுறையைத் தேடி எடுத்து வெயிலில் காயப்போட்டார்.

முதல் நாள் காலை, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நானும் அம்மாவோடு பெரட்டுக்குப் போனேன். விடிவதற்கு முன் வேலைக்காரர்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடம் அது. பெயர் கூப்பிடுகிறவர் அப்பா. வீட்டில் அவர் அம்மாவை 'இந்தாம்மா' என்பார். பெயர் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு வந்தவர், கடைசியில் அம்மாவின் பெயரைச் சொன்னார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"இருக்கேங்க" என்றார் அம்மா, மற்றவர்களைப் போலவே.

தூக்கை அம்மா கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். எனக்கு எந்த வேலை பொருத்தம் என்ற யோசனை அன்றோடு போயிற்று. அந்த வாரமே பஸ் ஏறி ரவாங்குக்குப் போய், டைப் அடிக்கிறேன் என்று சொன்னேன். அந்தச் சம்பளத்தில் என் அறை வாடகையும் சாப்பாடும் போக, வெளியே அப்பா அம்மாவுக்கு ஒரு வீடு பிடிக்க முடியவில்லை.

ஆண்டுக் கடைசியில் அப்பா ஓய்வுபெற்றார். விடுமுறைக்கு வந்திருந்த நான் விடிகாலையில் விழித்துக்கொண்டேன். தூரத்தில் புது மண்டோர் அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார். பக்கத்து அறையில் அப்பா புரண்டு படுப்பது கேட்டது.