இஸ்திரி அக்காவின் வில்லைகள்

எங்கள் கட்டடத்தில் யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள் என்பது அவரவர் வீட்டுக் கண்ணாடிக்குத் தெரிவதற்கு முன்பே இஸ்திரி அக்காவுக்குத் தெரிந்துவிடும். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறைதான் அவர் கடையும் வீடும். கேட்டவர்களுக்குத் துவைத்துக் கஞ்சியும் போட்டுத் தருவார். ஒரு நீள மேஜை, சுவரோரம் துணி அடுக்கும் பலகைகள், புஸ்ஸென்று ஆவி விடும் இஸ்திரிப் பெட்டி. அங்கே எந்நேரமும் வெந்த பருத்தியின் வாசனை அடிக்கும். அது எனக்குப் பிடிக்கும். இந்தக் கட்டடத்தில் எனக்குப் பிடித்த விஷயங்கள் அதிகமில்லை.

நான் இரண்டாம் மாடி. குடியிருப்போர் சங்கச் செயலாளர். யாரும் ஒத்துக்கொள்ளாத வேலையை என் தலையில் கட்டிவிட்டு, அதற்குக் கைதட்டவும் செய்தார்கள்.

அக்காவுக்கு ஐம்பது தாண்டியதும் கண்ணில் கோளாறு வந்தது. எதைப் பார்த்தாலும் நடுவில் புகை, ஓரங்கள் மட்டும் தெரியும். துணி தேய்க்க அவருக்குக் கண் தேவைப்படவில்லை, விரலே போதும். ஆனால் எது யாருடையது என்று கண்டுபிடிக்க விரல் போதவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறத்தில் நூல் முடிந்து வைத்திருந்தார், அந்த நிறங்களும் ஒன்றோடொன்று கலந்துபோயின. முதல் மாடி ஒல்லி மனிதருக்கு மூன்றாம் மாடிக்காரரின் பேன்ட் போய்ச் சேர்ந்தது. "இதுக்குள்ள இன்னொருத்தர் தாராளமா வரலாம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். ஒருமுறை என்றால் சிரிப்பு. வாராவாரம் என்றால் புகார்.

அந்த அறை மேல் ஒரு சலவைக் கம்பெனிக்கும் கண். எங்களுக்குக் கொடுத்தால் வேன் வரும், வாசலுக்கே துணி வரும் என்று நடையாய் நடந்தார்கள். அறை போனால் அக்காவுக்கு மகள் வீட்டு ஹாலில் ஒரு மூலைதான். "மாப்பிள்ளை தங்கமானவர்தான். ஆனா மூலை மூலைதானே" என்பார்.

அந்தத் தங்கமான மாப்பிள்ளை போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவர்தான் துணியில் தைக்கும் வில்லைகளைக் கொண்டுவந்தார். சட்டைப் பட்டன் அளவு, துவைத்தாலும் கெடாது. உள்பக்கம் ஓரத்தில் தைத்துவிட்டு, போனை அருகில் கொண்டுபோய்ப் பேசிவைத்தால் போதும். அடுத்த தடவை போனைக் காட்டினால் அந்தத் துணி, பேசிவைத்ததை அப்படியே ஒப்பிக்கும். அக்கா ராத்திரி பகலாகத் தைத்தார், பேசினார். அதற்கப்புறம் ஒரு கைக்குட்டைகூட வீடு மாறவில்லை. புகார்கள் நின்றன. சலவைக் கம்பெனிக்காரர் என்னைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார். எனக்குப் பரம திருப்தி.

மாப்பிள்ளை ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டார். அந்த வில்லைகள் அக்காவின் போனுக்கு மட்டுமல்ல, எந்தப் போனைக் காட்டினாலும் பேசும்.

அக்காவோ, வீட்டு எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிற ஆள் இல்லை. தனியாக வேலை செய்கிறவர்கள் தங்களோடு பேசிக்கொள்வார்களே, அப்படிப் பேசிவைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை மாலை, மூன்றாம் மாடி மருமகள் தேய்த்து வந்த துணி அடுக்கின் மேல் தன் போனை வைத்தாள். அடுக்கு பேசியது. "மூணாம் மாடி மாமியாரோட நைட்டி. துணி நைஞ்சு போச்சு, பார்த்துத் தேய்க்கணும். வாய் மட்டும் நையவே மாட்டேங்குது." மாமியார் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மருமகள் சமையலறைக்குள் ஓடிப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு சிரித்ததாகக் கேள்வி.

அரை மணி நேரத்தில் கட்டடமே போனும் கையுமாகத் தன் துணிமணிகளை விசாரித்தது. நானும் கதவைச் சாத்திக்கொண்டு என் சட்டையைக் கேட்டேன். "செயலாளர் அம்மா. பாக்கெட்டைப் பார்த்துத் தேய், மிட்டாய்த்தாள் ஒட்டிக்கும். சக்கரை நோய்னு ஊரெல்லாம் சொல்லிக்குவாங்க." எனக்குக் கோபம் வந்தது. பொய்யாக இருந்தால் இவ்வளவு வந்திருக்காது.

எல்லோரையும்விட அதிகம் கொதித்தவர் நான்காம் மாடித் தம்பி. ஏதோ அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவர், பரம சாது. தினமும் காலையில் சலவைச் சட்டையில், சாப்பாட்டுப் பையோடு கிளம்புவார். அவர் மனைவியின் உடுப்பு ஒன்று, "தையல் பிரிஞ்சா இந்தப் பொண்ணே கோணல்மாணலா தைச்சுக்கும், பிரிச்சுச் சரியா தைச்சுக் கொடு" என்று சொல்லிவிட்டது. அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். இவருக்குத்தான் பொறுக்கவில்லை. என் மனைவியைப் பற்றிப் பேச இவர் யார் என்று அன்றைக்கே புகார் எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி என்னிடம் நீட்டினார். அறையைக் காலி செய்து சலவைக் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும் என்று கடைசி வரி.

ஞாயிறு காலை கூட்டம். அக்கா சுவரோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஆளுக்கு ஒரு துணியைக் கொண்டுவந்து சாட்சிக் கூண்டில் ஏற்றுவதுபோல் ஒவ்வொன்றாகப் பேசவிட்டார்கள். ஒல்லி மனிதரின் பனியன் அவருடைய சிக்கனத்தைப் பற்றிப் பேசியது. எல்லோரும் அடுத்தவர் துணிக்குச் சிரித்து, தன் துணிக்கு முறைத்தார்கள்.

"உங்க சட்டையைக் கேக்கவே இல்லையே" என்றாள் நான்காம் மாடிப் பெண் தன் கணவரிடம். மற்றச் சட்டைகள் எல்லாம் அக்காவின் அறையில் இருந்தன, அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டை ஒன்றுதான் மிச்சம். அவருடைய போன் ஒரு மாதமாக ரிப்பேரில் இருந்தது. "இருங்க, என் போனை வைக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே அவர் இடுப்பருகே கையைக் கொண்டுபோனாள்.

அக்கா சுவரை விட்டுக் கிளம்பினார். கண்ணின் நடுவில் புகை உள்ளவர், இரண்டு நாற்காலிகளில் இடித்துக்கொண்டு வந்து, அந்தச் சட்டையின் ஓரத்தைத் தடவிப் பிடித்து, வில்லையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"இது வேணாம்மா."

"ஏன்? என்னையும் திட்டி வெச்சிருக்கீங்களா?" என்றார் தம்பி.

"ஆமா தம்பி. இருக்கிறதிலயே உங்களைத்தான் மோசமாத் திட்டியிருக்கேன். பொண்டாட்டி முன்னால கேக்கிற மாதிரி இல்ல. எல்லாத்தையும் இன்னைக்கே அழிச்சிடறேன். அறையையும் எடுத்துக்குங்க."

அதற்கப்புறம் பேச என்ன இருக்கிறது? மாதக் கடைசியில் அறையைக் கம்பெனிக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. எழுதிய கை எனக்கே எரிந்தது.

அழிப்பதற்குத் திரையைப் பார்க்க வேண்டுமே, அதனால் நானும் அக்காவோடு கீழே போனேன். பேசிவைத்ததெல்லாம் அக்காவின் போனில் வரிசையாக இருந்தது, அங்கே அழித்தால் துணியிலும் அழிந்துவிடும். ஒவ்வொன்றாகத் தொட, அது ஒருமுறை பேசும், பிறகு அழிப்பேன். மாமியார் போனார், ஒல்லி மனிதர் போனார், என் மிட்டாயும் போயிற்று. அடுத்தது நாலாம் மாடி என்று நான் படித்ததும், "அதைக் கேக்காமலே அழிச்சிடுங்க" என்று அக்கா கையை நீட்டினார். நான் ஏற்கெனவே தொட்டுவிட்டேன்.

"நாலாம் மாடித் தம்பி. வெள்ளை, முழுக்கை. முன்னெல்லாம் கைமடிப்புல பேனா மை என் ஓரக்கண்ணுக்கே தெரியும். இப்ப மை இல்ல. முதுகெல்லாம் பெஞ்சுத் தூசி, பாக்கெட்ல காஞ்ச இலை. வேலை போயிருக்கும்போல. காலைல அந்தப் பொண்ணு 'பார்த்துப் போங்க'ன்னு சொல்றது இங்க வரைக்கும் கேக்குது, அதுக்கு இன்னும் தெரியாது. வாயைத் திறந்துடாதே. கஞ்சி மட்டும் கொஞ்சம் தூக்கலாப் போடு. நாலு இடத்துல வேலை கேட்டுப் போற மனுஷன், சட்டையாவது நிமிர்ந்து நிக்கட்டும்."

வாசலில் நிழல் விழுந்தது. அப்படி என்னதான் திட்டினீர்கள் என்று கேட்டுவிட்டுப் போக வந்திருந்தார் தம்பி. முழுவதையும் கேட்டுவிட்டார் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"யாரு அங்க?" என்றார் அக்கா.

"நான்தான்க்கா."

அக்கா இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார், பிரித்தார், மறுபடி சுற்றினார். "தப்பாகூட இருக்கலாம் தம்பி. துணியை வெச்சு நானா நினைச்சுக்கிட்டதுதான்" என்றார்.

"தப்பில்லைக்கா" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "அழிச்சிடாதீங்கம்மா. அஞ்சு நிமிஷம்." இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே போனார்.

அறை போகவில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். புகாரை எழுதியவரே திரும்ப வாங்கிக்கொண்டார், மற்றவர்களை நான் பார்த்துக்கொண்டேன். சண்டை போடுவதென்றால் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது வில்லைகள் வீட்டு எண்ணை மட்டும் சொல்கின்றன. மிச்சத்தை அக்கா மனதில் வைத்துக்கொள்கிறார்.

அன்றைக்குத் தம்பி தன் மனைவியைக் கையோடு கூட்டிக்கொண்டு இறங்கினார். அவள் ஈரக்கையைத் துடைத்தபடி, சண்டைக்குத்தான் அழைத்துவந்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு, "விடுங்களேன், பாவம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு மாதமாக அவர் வாயில் வராதது அப்போதும் வரவில்லை. சட்டையின் ஓரத்தைப் புரட்டிப் பிடித்துக்கொண்டு, "உன் போனை இதுல வை" என்றார்.

அவள் வைத்தாள். அக்காவின் குரல் தொடங்கியது. அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அது முடிந்த பிறகும் அவள் போனை எடுக்கவில்லை. அழுவாள், இல்லை கத்துவாள் என்று நினைத்தேன்.

"இத்தனை நாளும் மத்தியானச் சாப்பாட்டை எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?" என்றாள்.