பாலத்துக்கு முன்னால் நிற்கும் சைக்கிள்

செவ்வாய்க்கிழமை காலை பெரார்கஞ்சிலிருந்து வரும் முதல் பஸ் கராச்சர்மாவில் என் வீட்டு வாசலில் நின்றது. அங்கே நிறுத்தம் கிடையாது. டிரைவர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "கம்பவுண்டர் சாப், சிஸ்டர் நஹீ ரஹீ" என்றார். பெரார்கஞ்ச் ஆட்கள் பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். முந்தின நாள் மத்தியானம் நெஞ்சுவலி வந்திருக்கிறது. ஜீப் வருவதற்குள் பிலோமினா சிஸ்டர் போய்விட்டார்.

தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலேறி வந்து, பெரார்கஞ்ச் மருந்தகத்தில் பதினெட்டு வருடம் பிரசவம் பார்த்தவர் அவர். அதில் பன்னிரண்டு வருடம் நான் அதே மருந்தகத்தில் மருந்து கலக்கிக் கொடுத்தேன். இதைப் படிக்கிற உங்களில் பலருடைய பிள்ளைகள் பிறந்ததும் முதலில் பார்த்த முகம் சிஸ்டருடையது. அந்த முகத்தில் சிரிப்பு கொஞ்சம் குறைவு என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அவர் நினைவாக நம் ஊர்ப் பத்திரிகைக்கு எழுதித் தரும்படி கேட்டபோது, எல்லாரும் சொல்வதை நானும் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனா நகரவில்லை. நான் அவருக்குச் செய்த ஒரு தப்பு இருக்கிறது. அதைத் தாண்டிக்கொண்டு எழுத எனக்கு வரவில்லை.

அறுபதுகளின் நடுவில் எங்களுக்குப் புதிதாக ஒரு டாக்டர் வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் ரிஜிஸ்டரில் இருந்தால்தான் எதையும் நம்புவார். எங்கள் பகுதியின் கர்ப்பிணிகள் வயலுக்கு அப்பால் ஒருத்தி, குன்றுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி என்று சிதறி இருந்தார்கள். வாரம் ஒரு முறை எல்லாரையும் நேரில் பார்க்க முடியாவிட்டால், சிஸ்டரின் வேலையிடத்தைப் போர்ட் பிளேருக்கே மாற்றிவிடலாம் என்றார் டாக்டர். அப்படி மாற்றிவிட்டால், பெரார்கஞ்சில் வலி எடுத்தவள் பஸ்ஸுக்குக் காத்திருந்து டவுனுக்குப் போக வேண்டும். பஸ் அப்போது ஒரு நாளைக்கு இரண்டே நடை.

சிஸ்டர் அசையவில்லை. "மூணு மாசம் தாங்க சார். அதுல ஒரு வாரம் ஒரு வீடு விட்டுப்போச்சுன்னா, நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிருதேன்" என்றார். டாக்டர் சரி என்றார். வெளியே வந்ததும் என்னிடம், "அண்ணாச்சி, எனக்கு ஒரு சைக்கிள் வேணும்" என்றார்.

போர்ட் பிளேர் பஜாரில் காதர் பாய் கடையில் இருந்த சைக்கிள்கள் எல்லாம் ஆண்கள் ஓட்டுகிற கனத்த வண்டிகள். சேலை கட்டிக்கொண்டு அவற்றில் ஏற முடியாது. ஆனால் கடையின் மூலையில் புத்தம் புதிதாக ஒரு லேடீஸ் பிரேம் மட்டும் நின்றது. அதன் பாகங்கள் இருந்த பெட்டி எந்தத் தீவில் இறங்கியதோ, வந்து சேரவே இல்லையாம். சக்கரத்து நடுவில் இருக்கிற ஹப், பெடல் மாட்டுகிற கிராங்க், செயின், பிரேக் என்று எல்லாவற்றையும் நாமே தேர்ந்தெடுத்து மெட்ராஸிலிருந்து கப்பலில் வரவழைக்க வேண்டும். "ஜஹாஸ் வெள்ளிக்கிழமை கெளம்புது தங்கச்சி. லிஸ்ட்டை அதுக்குள்ள பக்கா பண்ணிருங்க. தப்பாப் போச்சுன்னா அடுத்த ஜஹாஸுக்குத்தான்" என்றார் பாய்.

எதைப் பூட்டுவது என்று ஒரு மத்தியானம் முழுக்க அந்தக் கடையில் வாக்குவாதம் நடந்தது. நானும் பாயும் ஒரே கட்சி. பின் ஹப்பில் மூன்று கியர், சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கிற கைப்பிரேக், இதுதான் நாகரிகமான வண்டி என்றோம். மேட்டில் கியர் இல்லாமல் மூச்சு வாங்கும் என்று நான் வைத்தியம் வேறு பேசினேன். சிஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பாயின் படப் பட்டியலில் கியரே இல்லாத ஒரு ஹப்பைக் காட்டினார். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் ஹப்புக்குள்ளேயே பிரேக் பிடிக்கும். கம்பி கிடையாது. மழையும் உப்புக்காற்றும் உள்ளே போகாது.

"மேடு ஏற வேண்டாமா சிஸ்டர்?" என்றேன்.

"ஏத்தத்துல எறங்கித் தள்ளிக்கிடலாம் அண்ணாச்சி. எறக்கத்துல எறங்க முடியுமா?"

அந்த ஹப்புக்குப் பொருத்தமான பெரிய பல்சக்கரம், செயின், கிராங்க் எல்லாவற்றையும் ஒரே கம்பெனியில் கேட்டார். "எல்லாம் ஒரே செட்டா வரட்டும் பாய். ஒண்ணு வடக்க இழுக்க ஒண்ணு தெக்க இழுக்க, அதுக கூட மல்லுக்கட்ட எனக்கு நேரமில்ல."

அவருக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். எனக்கு இங்கிலீஷ் எழுதத் தெரியும் என்பதில் அந்தக் காலத்தில் எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே கிடையாது. மெட்ராஸுக்குக் கடிதத்தை நான்தான் எழுதினேன். எழுத உட்கார்ந்தவன், அந்த அம்மாளுக்குப் பிடிவாதம், மேட்டில் ஏறும்போது எனக்கு நன்றி சொல்லுவாள் என்று நினைத்து, மூன்று கியர் ஹப்பையும் கைப்பிரேக்கையும் எழுதிவிட்டேன். வேறு கெட்ட எண்ணம் இல்லை. நல்ல எண்ணம்தான். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஐந்து வாரம் கழித்துக் கப்பல் வந்தது. பாய் கடையில் சிஸ்டர் பெட்டியைத் திறந்தார். "இது நான் சொன்னது இல்லையே" என்றார். பாய் கடிதத்தின் நகலை எடுத்து நீட்டினார். சிஸ்டர் அதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். திட்டியிருந்தால் தேவலை. "பூட்டுங்க பாய்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து நல்ல மழை. சிஸ்டர் மருந்தகத்துக்கு வந்து, "வாங்க அண்ணாச்சி, ஓட்டிப் பாருங்க" என்று கூப்பிட்டார். லேடீஸ் வண்டியில் என்னை ஏற்றிப் பாலத்து இறக்கத்தின் உச்சியில் விட்டார். அந்த இறக்கம் உங்களுக்குத் தெரியும். கீழே ஓடை, அதன் மேல் கைப்பிடி இல்லாத பலகைப் பாலம். பாதி இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். நனைந்த விளிம்பில் பிரேக் கட்டைகள் வழுக்கின. வண்டி இன்னும் வேகம் எடுத்தது. நான் போட்ட கூச்சலை வயலில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். கடைசி நிமிடத்தில் ஹாண்டிலை ஒடித்து வயல் சேற்றில் தலைகுப்புற விழுந்தேன்.

சிஸ்டர் நடந்து வந்து முதலில் சைக்கிளைத் தூக்கினார். பிறகு என்னை.

"போன வருசம் எரவல் வாங்குன லேடீஸ் சைக்கிள்ல இதே எடத்துல நான் விழுந்தேன், ஓடைக்குள்ள. பையோட. கத்திரி, நூலு, மருந்து எல்லாம் தண்ணியோட போச்சு. அந்த வீட்டுக்கு வெறுங்கையோடதான் போய் நின்னேன். பிள்ள தங்கல" என்றார். குரல் உயரவில்லை. "நீங்க ஏத்தத்த மட்டும் பாத்து எழுதிட்டிய."

அந்த வீட்டின் பெயரை நான்தான் ரிஜிஸ்டரில் எழுதியிருந்தேன். இறந்து பிறந்தது என்று எழுதி, மை ஒற்றி, பக்கத்தைத் திருப்பியவன் நான். காரணம் கேட்கத் தோன்றவில்லை. சேற்றில் நின்றுகொண்டு நான் அழுதேன். சிஸ்டர் அதைப் பார்க்காதவர் போல ஹாண்டிலை நேராக்கிக்கொண்டிருந்தார்.

மூன்று மாதத்தில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அடுத்த கப்பல் வரும் வரையும் சிஸ்டர் முன்போலவே நடந்தார். விடியுமுன்னே புறப்பட்டு, குடையும் பையுமாக, அட்டை கடித்த காலோடு, ஒரு வீடு விடாமல் நடந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பையை நான் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. ஒருநாள் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. இன்றைக்கு ஒரு வீட்டை விட்டுவிடுங்கள், ரிஜிஸ்டரில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "எழுதுனது போதும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு புறப்பட்டார். பையை எடுத்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன்.

இரண்டாவது கடிதத்தையும் என்னைத்தான் எழுதச் சொன்னார். வேறு யாரிடமாவது கொடுப்பார் என்று நினைத்திருந்தேன். எழுதி முடித்ததும், "வாசிங்க" என்றார். வாசித்தேன். "தமிழ்ல சொல்லுங்க." சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் விரலை வைத்து, அந்தச் சொல் எது என்று கேட்டு, பார்த்து, அடுத்த வரிக்குப் போனார். கையெழுத்துப் போட்ட பிறகுதான் உறையை ஒட்டவிட்டார்.

இந்த முறை பெட்டியில் அவர் சொன்ன செட் அப்படியே இருந்தது. பாய் தன் கையாலேயே பூட்டினார். அன்றும் மழை. பாலத்து இறக்கத்தில் சிஸ்டர் இறங்கி வந்ததை நான் பாலத்தின் ஓரத்தில் நின்று பார்த்தேன். சேலையை இழுத்துச் செருகி, பின்னால் பையைக் கட்டி, ஜெபம் சொல்கிறாரோ கணக்குப் போடுகிறாரோ, உதடு அசைந்துகொண்டே இருந்தது. கால் பின்பக்கம் ஒரு மிதி மிதித்தது. முதல் பலகைக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. ஒரு காலை ஊன்றி, "வழி விடுங்க அண்ணாச்சி, இன்னும் ஆறு வீடு இருக்கு" என்றார். மேட்டில் அவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போனதையும் பார்த்தேன். அதில் அவருக்கு ஒரு வெட்கமும் இல்லை.

மூன்று மாதம் முடிந்ததும் டாக்டர் ரிஜிஸ்டரை வரி வரியாகப் பார்த்தார். ஒரு கட்டமும் காலியாக இல்லை. வேலையிடம் பெரார்கஞ்சிலேயே இருந்தது. போன திங்கட்கிழமை வரைக்கும் சிஸ்டரும் அங்கேதான் இருந்தார், அதே சைக்கிளோடு. செயினும் டயரும் எத்தனையோ முறை மாறிவிட்டன. ஹப் அதே ஹப்.

ஓய்வு பெற்ற பிறகு கராச்சர்மாவில் பலருக்கு நான் மனு எழுதிக் கொடுக்கிறேன், மெயின்லேண்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டி, அர்த்தம் சொல்லி, சரி என்று அவர்கள் வாயால் வந்த பிறகுதான் உறையை ஒட்டுவேன். கிழவனுக்கு வேறு வேலை இல்லை என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சிஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம்தான்.

இதையும் அப்படித்தான். நேற்று பாய் கடைக்குப் போய் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். சிஸ்டரின் கையெழுத்தைப் பற்றிச் சொன்ன இடத்தில், "அன்றே அவர் என்னை மன்னித்துவிட்டார்" என்று ஒரு வரி இருந்தது. பாய் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"தங்கச்சி அப்படிச் சொல்லுச்சா?"

யோசித்துப் பார்த்தேன். அதற்கப்புறம் கூட வேலை பார்த்த வருடங்கள் முழுவதையும் யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

"அப்ப அந்த வரிய அடிச்சிருங்க" என்றார் பாய். அடித்துவிட்டேன்.