வெள்ளத்தில் நின்ற மூன்று கார்கள்

இரண்டு நாள் விடாமல் அடித்த மழை மூன்றாம் நாள் காலையில் நின்றுவிட்டது. விழுப்புரத்தில் எங்கள் தெருவில் வெயில்கூட எட்டிப்பார்த்தது. ஈரத் துணிகளை மாடியில் காயப்போட்டுவிட்டு வந்து போனை எடுத்தேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு பழைய கறுப்பு வெள்ளை போட்டோ போட்டிருந்தார்கள். கீழே, "அந்தக் காலத்துப் புதுச்சேரி வெள்ளம். காருங்களைப் பாருங்க" என்று எழுதியிருந்தது.

வேறு யாராவது என்றால் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்திருப்பார்கள். எனக்குக் கார் என்றால் கண் நின்றுவிடும். என் அப்பா திண்டிவனத்தில் கார் மெக்கானிக். நான் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்தான். ஆனால் வாய்ப்பாடு படிப்பதற்கு முன்னால் ஸ்பேனர் நம்பர்களைப் படித்தவள்.

போட்டோவில் மூன்று கார்கள். முன்னால் நின்றதற்கு டயர் பாதி முழுகியிருந்தது. அதன் பானெட் முழுவதும், மட்கார்டு, ஹெட்லைட்டோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறந்து கிடந்தது. அப்படித் திறக்கிற கார் அப்போது நம் பக்கத்தில் ஹெரால்டு மட்டும்தான். அதற்குப் பின்னால், ரோடு சரிந்து இறங்குகிற இடத்தில், கண்ணாடிக்குக் கீழே வரை தண்ணீரில் ஒரு அம்பாசடர். மூன்றாவது காருக்குக் கூரை மட்டும்தான் தெரிந்தது. வெளிறிய கூரை, அதன் மேல் சாமான் கட்டுகிற கேரியர்.

அந்தக் கேரியரைத்தான் விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். ஒரு மூலையில் உருண்டையாக ஏதோ நின்றது. முதலில் படத்தில் விழுந்த கறை என்று நினைத்தேன். இன்னும் பெரிதாக்கினேன். கறை இல்லை. இரும்புக் கட்டில் காலின் குமிழ்.

அந்தக் குமிழ் எனக்குத் தெரிந்த குமிழ். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஓடிய, அம்பாசடருக்கு முந்தின மாடலான லேண்ட்மாஸ்டர் டாக்சி ஒன்றுக்கு எங்கள் வீட்டு உடைந்த கட்டிலை அறுத்து அப்பா கேரியர் செய்து கொடுத்தார். மூன்று குமிழை வெட்டி எறிந்தார். நாலாவதை வெட்டக் கூடாது என்று நான் அழுததால் அப்படியே விட்டுவிட்டார். கறுப்பு உடம்பும் மஞ்சள் கூரையுமாக அந்த டாக்சி ஊருக்குள் போகும்போதெல்லாம் "எங்க கட்டில் போவுது" என்று கத்துவேன்.

அப்படியானால் இது புதுச்சேரி இல்லை. திண்டிவனம். "இது எங்க ஊரு" என்று குழுவில் போடுவதற்காகச் சந்தோஷமாகத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். எந்த இடம் என்றும் சேர்த்துப் போடலாமே என்று படத்தின் பின்பக்கத்தைப் பார்த்தேன். கார்களுக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை. அதன் உச்சியில் இரண்டு கற்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டேன்.

இப்போது அந்தப் பாறையில் ஒரு கல்தான் இருக்கிறது. இடது பக்கத்தை ஜல்லிக்காக உடைத்து எடுத்துவிட்டார்கள். மிச்சப் பாறை என் தங்கையின் சமையல்கட்டு ஜன்னலில் தெரியும். அங்கே நின்று எத்தனையோ தடவை காபி குடித்திருக்கிறேன். திண்டிவனம் ஏரிக்குக் கிழக்கே புதிதாகப் போட்ட லேஅவுட் அது. மெயின் ரோட்டுக்கு ஒரே வழி. அந்த வழி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். பள்ளத்தை ஒட்டின முதல் வீடு அவளுடையது. லேண்ட்மாஸ்டரின் கூரை தெரிந்தது அந்தப் பள்ளத்தில்.

டாக்சிக்குத் தரையிலிருந்து கூரை வரை ஐந்தேகால் அடி இருக்கும். கூரை மட்டும் தெரிகிறது என்றால் நாலரை அடிக்கு மேல் தண்ணீர். வீட்டைப் பள்ளத்து ரோட்டிலிருந்து மூன்றடி தூக்கிக் கட்டியிருந்தார்கள். மிச்சம் ஒன்றரை அடி வீட்டுக்குள். அந்தக் காலத்தில் ஏரி உபரித் தண்ணீர் ஓட வாய்க்கால் திறந்து கிடந்தது. இப்போது அதன் மேல் காம்பவுண்டு சுவர்கள் நிற்கின்றன. அதற்கு எவ்வளவு கூட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கை வீட்டுக்காரர் மாடிப்படியில் விழுந்து தொடை எலும்பில் பிளேட் வைத்துப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. திரும்பிப் படுக்கவே இரண்டு பேர் வேண்டும்.

போன் போட்டேன்.

"இன்னாக்கா?"

"அங்க தண்ணி எப்படி இருக்குது?"

"தண்ணியா? ரோடு காய்ஞ்சி கெடக்குது. வெயில் அடிக்குது."

"ஏரி ரொம்பிச்சா?"

"நேத்தே ரொம்பி வழியுதாம். எதுக்குக் கேக்குறே?"

போட்டோவைப் பற்றிச் சொன்னேன். குமிழைச் சொன்னேன், பாறையைச் சொன்னேன். வேறு எங்காவது போய்விடுங்கள் என்றேன். அவள் சிரித்தாள்.

"கட்டில் குண்டை வெச்சிக்கினு வீட்டைக் காலி பண்ணச் சொல்றியா? இந்த மனுசனைத் தூக்கிக்கினு எங்கே போறது? சும்மா பேஜார் பண்ணாதக்கா. அடுப்புல கொழம்பு இருக்குது."

போனை வைத்துவிட்டாள்.

மழை நின்றதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மேலே உள்ள ஏரிகளின் தண்ணீர் மழை நின்ற பிறகுதான் வந்து சேரும். போட்டோவில் இருந்த வெள்ளமும் வெயிலில்தான் வந்தது என்று அப்பா சொல்லியிருக்கிறார். வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டேன். சென்னை பஸ் ஒன்று கிடைத்தது. விக்கிரவாண்டி தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. சர்வீஸ் ரோட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் நகர்ந்து நகர்ந்து நின்றது. போட்டோவில் பாறையைச் சுற்றி சிவப்பு வட்டம் போட்டு தங்கைக்கு அனுப்பினேன். அவள் பார்த்துவிட்டாள் என்பதற்கு நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை. மறுபடி போன் போட்டேன். எடுக்கவில்லை. கூட்டேரிப்பட்டு வருவதற்குள் பதினோரு தடவை போட்டிருப்பேன். பக்கத்தில் இருந்த பெண் "ஆஸ்பத்திரியில யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

திண்டிவனத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஏரிக்கரைத் திருப்பத்தில் ஆட்டோக்காரர் நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல வர்ல. திரும்ப முடியாமப் போயிடும்." மிச்ச தூரத்தை நடந்தேன். பள்ளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் இருந்தது. தெரு மட்டும் அவள் சொன்னபடி காய்ந்துதான் கிடந்தது.

வாசலில் நின்றிருந்தாள். முகத்தில் கோபம்.

"நிஜமாவே வந்துட்டியா?"

நான் அவள் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். காம்பவுண்டுக்கு வெளியே பழைய வாய்க்காலின் மிச்சம் ஒரு சாக்கடையாக ஓடும். ரோட்டுப் பாலத்தை நோக்கிப் போக வேண்டிய தண்ணீர் அன்றைக்குப் பாலத்திலிருந்து வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. டீ நிறத்தில், நுரையோடு, சத்தமே இல்லாமல். ஒரு செருப்பு எங்களைப் பார்த்து மிதந்து வந்தது.

அவள் பாலத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "எப்பவும் அந்தப் பக்கம் தானே ஓடும்?" என்றாள், மெதுவாக.

"பாலம் அடைச்சிக்கிச்சு. அந்தாண்ட போக முடியாம திரும்புது."

அதற்குமேல் நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. உள்ளே ஓடினாள்.

அடுத்த நிலத்தில் ஒரு விவசாயி தன் பம்பு மோட்டாரைக் கழற்றி டிராக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் வரப்பில் இறங்கிச் சேற்றில் விழுந்து எழுந்து அவரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் ஏரிப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"ஆளை எப்படிம்மா தூக்குவீங்க?"

"கட்டிலோட. மாடிப்படியில கட்டில் திரும்பாது."

"அப்ப ஜல்தி. பள்ளத்துல இன்னும் ஒரு முழம் ஏறிச்சின்னா வண்டி தாங்காது."

மோட்டாரை இறக்கி வரப்பிலேயே வைத்துவிட்டு வந்தார். அவரும் எதிர்வீட்டுக்காரரும் நாங்கள் இரண்டு பேருமாகக் கட்டிலைத் தூக்கினோம். தங்கை வீட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். வாசற்படியில் கட்டிலின் ஒரு கால் இடித்து ஆடியபோது மட்டும், "அண்ணி, என்னை இங்கியே விட்டுடுங்க" என்று அலறினார். பெட்டியில் ஏற்றி முடிப்பதற்குள் தெருவில் தண்ணீர் வந்துவிட்டது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. காலுக்கடியில் இருந்தது.

நான் தெருவில் இருந்த ஆறு வீட்டுக் கதவையும் தட்டினேன். எதிர்வீட்டுக்காரர் குடும்பம் உட்பட இரண்டு குடும்பம் ஏறிக்கொண்டது. மற்றவர்கள் மாடிக்குப் போகிறோம் என்றார்கள். கேஸையும் மெயின் சுவிட்சையும் நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடிவந்தேன்.

பள்ளத்தில் இறங்கும்போது டிராக்டரின் பெரிய சக்கரம் பாதி மறைந்தது. பெட்டி ஒரு பக்கமாக இழுத்தது. தண்ணீர் பெட்டியின் அடிப்பலகை வழியாக உள்ளே வந்து கட்டில் கால்களைச் சுற்றியது. தங்கை தன் புருஷனின் தலையை மடியில் அணைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். என்ஜின் சத்தம் அடங்குவது போல் ஆகி மறுபடி எழுந்தது. நான் அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவின் ஷெட்டில் வளர்ந்தவளுக்கு, ஒரு என்ஜின் நிற்கப் போகிறது என்றால் முன்கூட்டியே தெரியும். அது நிற்காது என்று தெரிந்தது. ஆனாலும் மேட்டில் ஏறும் வரை கட்டில் சட்டத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

மெயின் ரோட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்கவைத்தார்கள். ஐந்தரை மணிக்கு மாடியில் இருந்த ஒரு பக்கத்து வீட்டுக்காரர் வீடியோ அனுப்பினார். தங்கை வீட்டு ஜன்னல் விளிம்பு வரை தண்ணீர். ஜன்னல் வழியாக, கட்டில் கிடந்த அறையில் ஃபிரிட்ஜ் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தது. யாருக்கும் உயிர் ஆபத்து இல்லை. மாடியில் இருந்தவர்களை மறுநாள் படகில் இறக்கினார்கள்.

வீடியோவைப் பார்த்துவிட்டு தங்கை என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "நீ வரலைன்னா..." என்று ஆரம்பித்தாள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

"அந்த மனையை யாரு பார்த்துக் கொடுத்தது?" என்றேன்.

"நீதான். அதுக்கு இன்னா?"

"பார்க்க வந்த அன்னிக்கே அந்தப் பாறை எனக்கு எங்கியோ பார்த்த மாதிரி இருந்துச்சி. வெள்ளம் வடிஞ்ச மறுநாள் அப்பா என்னை சைக்கிள்ல கூட்டியாந்தாரு. அவரு கயிறு கட்டி டாக்சியை இழுத்துக்கினு இருந்தாரு. நான் பாறைக்குக் கீழே உக்காந்து அவிச்ச மல்லாட்டையைத் தோல் உரிச்சித் தின்னேன். அந்த எடமோன்னு அன்னிக்கே தோணுச்சி."

"தோணுச்சி. அப்புறம்?"

"நீ புள்ளையோட இருக்கக் கோயம்புத்தூர் போறேன்னு சொல்லிக்கினு இருந்தே. எங்க வீட்டுக்காரர் செத்துப் போன பிறகு எனக்கு யாரும் இல்ல. நீ ஒரு மணி நேரத் தூரத்துல இருந்தா போதும்னு இருந்துச்சி. இந்த எடமா இருக்காதுன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன்."

என் கையை அவள் உடனே விடவில்லை. மெல்ல எடுத்து என் மடியிலேயே வைத்துவிட்டு, வீட்டுக்காரருக்குத் தண்ணீர் கொடுக்க எழுந்து போனாள்.

தண்ணீர் வடிந்ததும் வீட்டுக்காரரை என் வீட்டில், கோயம்புத்தூரிலிருந்து வந்த பிள்ளையிடமும் துணைக்கு வைத்த ஒரு ஆளிடமும் விட்டுவிட்டு சேறு அள்ளப் போனாள். என்னை வரச் சொல்லவில்லை. நானாகப் போனேன். நாலு நாள் இரண்டு பேரும் ஒரே அறையில் பெருக்கினோம், கழுவினோம். "பக்கெட்டைத் தள்ளு", "அந்த மூலை" என்பதற்கு மேல் அவள் பேசவில்லை. வேலை முடிந்ததும் அவள் அங்கேயே தங்கிவிட்டாள், வீட்டுக்காரர் என் வீட்டிலேயே இருந்தார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, தெருக்காரர்கள் எல்லோரும் விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்க வந்தார்கள். வாய்க்காலைத் திறந்துவிட வேண்டும், பாலத்தை அகலமாக்க வேண்டும் என்று மனு. போட்டோவைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். விளக்கச் சொல்லி என்னை வரச் சொன்னார்கள். ஆனால் முன்னால் போய் நின்றது என் தங்கை.

"இது ஹெரால்டுங்க. பானெட் இப்படித் தொறக்கிறது அதுக்கு மட்டும்தான். இது அம்பாசடர். இந்தக் கூரை இருக்குது பாருங்க, லேண்ட்மாஸ்டர். ஐந்தேகால் அடி உசரம். தண்ணி எவ்ளோ நின்னிருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க."

அதிகாரி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்த இடம்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"எங்க அக்காங்க இவங்க. இவங்களுக்குத் தெரியும். முன்னாடியே தெரியும்."

அதிகாரிக்கு அதில் ஒன்றும் புரிந்திருக்காது. என்னிடம் பாறையைப் பற்றிக் கேட்டார், நான் அவர் முகத்தை மட்டும் பார்த்துப் பதில் சொன்னேன். மனுவில் எழுதிக்கொண்டார். ஆட்களை அனுப்பிப் பார்க்கச் சொல்வதாகச் சொன்னார்.

வெளியே வந்து மரத்தடியில் நின்றோம். மற்றவர்கள் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். செருப்பில் இருந்த மண்ணைத் தரையில் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

"இன்னா செஞ்சி வெச்சிருக்கே?"

"கேப்பைக் களி. கருவாட்டுக் கொழம்பு."

"காரமா?"

"உங்க வீட்டுக்காரருக்காகக் கொறைச்சிதான் போட்டேன்."

ரோட்டைப் பார்த்து, வந்துகொண்டிருந்த ஆட்டோவுக்கு அவளே கையைக் காட்டினாள்.